பச்சை உடுப்பு

“பிள்ளை, இந்த உடுப்பைக் கழட்டிப்போட்டு வேறை ஒண்டு போட்டுத் தரேலுமோ?”

கஜேந்தினி கிளிநொச்சி ஸ்ரூடியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, புலிகளின் வரிச்சீருடையில் நின்ற மகளின் படத்தை நீட்டி ஒரு தாய் கேட்ட கேள்வி அது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரம் போராட்டம் இருக்கும் கொட்டிலில் இயக்க உடுப்புப் படத்தை வைக்க அந்த மனிசிக்குப் பயம். கஜேந்தினி படத்தைக் கழுத்தோடு வெட்டி, கொம்பியூட்டரில் கிடந்த ரோசாநிறச் சட்டையைப் பொருத்திக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அது அவளுடைய வேலையாகிப் போனது. நாலு வருசத்தில் எத்தனை பேருக்கு உடுப்பு மாற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. அதே கொட்டிலில் வைக்க, காணாமல் போன தன் அக்கா தாட்சாயினியின் படத்துக்கும் அவள்தான் நீலச் சேலை கட்டிவிட்டாள்.

மாதக் கடைசியோடு ஸ்ரூடியோவை மூடப் போகிறார்கள். முதலாளி யோகலிங்கம் அவள் மேசையில் கிடந்த படிவத்தை எட்டிப் பார்த்தார். பெண்களைப் படைக்குச் சேர்க்கும் படிவம். ஆமி, நேவி, எயார்போஸ் என்று மூன்று பெட்டிகள். ஒன்றுக்குத்தான் புள்ளடி போடலாம்.

“நேவிக்குப் போடாதை. வெள்ளை உடுப்பு. நீ தோய்க்கிற வடிவுக்கு ஒரு கிழமையிலை துரத்திப்போடுவாங்கள்.”

“அப்ப எயார்போஸ்?”

“பிளேன் தருவாங்களெண்டு நினைச்சியோ? குசினியிலை பருப்பு அவிக்கத்தான் விடுவாங்கள்.”

“எதெண்டாலும் பென்சன் இருக்குத்தானே, அண்ணை.”

அவர் சாப்பிடப் போனதும், விளம்பரத்தில் நின்ற மூன்று பெண்களின் உடம்பிலும் தன் தலையைப் பொருத்திப் பார்த்தாள். வெள்ளையில் அவள் முகம். நீலத்தில் அவள் முகம். பச்சையில் வைத்ததும் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. அதே படம்தான், அதே கண்கள்தான். ஆனால் திரையிலிருந்து தாட்சாயினி பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். அக்கா போகவில்லை. ஏனென்று தெரியாமலே அதை அச்சடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை, கொட்டிலுக்குப் போக வெளிக்கிட்ட அம்மா விமலேஸ்வரி அந்தப் படத்தோடு குசினி வாசலில் நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

“உன்ரை பைக்குள்ளை கிடந்தது. ஆர் பிறின்ற் பண்ணக் கொண்டந்தது?”

“அம்மா...”

“ஆமி உடுப்புப் போட்டு அவளை உள்ளுக்குத்தான் வச்சிருக்கினம். பாரன், பதினாறு வருசம், முகம் கொஞ்சமும் முத்தேல்லை.”

“அது அக்கா இல்லை அம்மா. நான்.”

“உனக்கு ஆர் இந்த உடுப்புத் தந்தது?”

கஜேந்தினி படிவத்தை எடுத்துக் காட்டினாள். அடி விழும் என்று நினைத்தாள். அம்மா கதிரையில் அமர்ந்து, எது எதுவென்று கேட்டு, மூன்று பெட்டிகளிலும் விரல் வைத்துப் பார்த்தாள்.

“ஆமிக்குப் போடு.”

“என்ன?”

“சண்டை முடிஞ்ச அண்டைக்கு அவளை ஆமியிட்டைத்தானே என்ரை கையாலை குடுத்தனான். நேவியிட்டை இல்லையே. உள்ளுக்குப் போனாத்தான் தேடலாம்.”

“நான் வேலைக்கெல்லோ போறன், அம்மா.”

“வேலையையும் செய். தேடவும் தேடு.” அம்மா பேனையை அவள் கையில் திணித்தாள். “கெதியாப் போடு, தாட்சா.”

கஜேந்தினி பெயரைத் திருத்தவில்லை. புள்ளடியைப் போட்டாள்.

சேருகிற நாள், முகாம் வாசலில் தமிழ் தெரிந்த பெண் அதிகாரி ஒருத்தி பெயர் கூப்பிட்டாள். கஜேந்தினி பையோடு உள்ளே போனாள். மற்றப் பிள்ளைகளோடு கூட வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். அம்மா மட்டும் நின்றாள்.

“பிள்ளையைத் தந்திட்டன். துண்டு ஒண்டு எழுதித் தாங்கோ.”

“என்ன துண்டு, அம்மா?”

“பாரமெடுத்ததெண்டு. முந்தி ஒருக்கா நான் கேக்காமல் விட்டிட்டன்.”

அதிகாரி சிரித்தாள். “இது வேலை, அம்மா. துண்டெல்லாம் குடுக்கிறது இல்லை. வீட்டுக்குப் போங்க.”

அம்மா அதிகாரியின் நெஞ்சில் இருந்த பெயர்ப்பட்டியை உற்றுப் பார்த்தாள். ஆங்கில எழுத்து. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பேனையை எடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் படம் கீறுவதுபோல இடது உள்ளங்கையில் கீறினாள். ஒன்று பிழையாகிப் போனது. எச்சில் தொட்டு அழித்து, திரும்பவும் கீறினாள். அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. வியர்வையில் அழியாதபடி கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அம்மா தெருவில் இறங்கி நடந்தாள்.