மூணு தட்டு

நான்காவது கம்பி மட்டும் வருவேனா என்று அடம்பிடித்தது. லெஸ்யா வாஷிங் மிஷினின் மேல்தகட்டைத் தலையால் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் உள்தொட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூலைக்குள் துழாவினாள். டார்ச் வாயில் இருந்ததால் திட்டக்கூட முடியவில்லை. கடைசியில் ஆத்திரத்தோடு ஒரு உலுக்கு உலுக்கினாள். கம்பி கழன்று, முழங்கையில் நீளமாக ஒரு கீறல் போட்டுவிட்டு, சிமெண்ட் தரையில் போய் விழுந்தது.

தூளிக்குக் கயிறு மாதிரிதான் இந்த நாலு கம்பியும். மூலைக்கு ஒன்றாக நின்று தொட்டியைத் தொங்கவிட்டுத் தாங்கும். அதில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்துபோனால், துணி பிழியும்போது தொட்டி கண்டபடி ஆடி வெளித்தகட்டில் தம் தம்மென்று மோதும். பனி விழ ஆரம்பித்ததிலிருந்தே மிஷின் அப்படித்தான் மோதிக்கொண்டிருந்தது. நிலவறை அலமாரியில் இருந்த ஊறுகாய் ஜாடிகள் கிடுகிடுத்தன. போன வாரம் ஒரு பீட்ரூட் ஜாடி விழுந்து உடைந்து, தரையெல்லாம் கொலை நடந்த இடம் மாதிரி ஆகிவிட்டது.

ஜாடி போனால் போகிறது. மிஷினுக்கு நேர்மேலே, முன்னறையில், அப்பாவின் கட்டில் இருந்தது. அப்பா ஒரெஸ்ட்டுக்குப் புற்று எலும்புக்குள் இறங்கியிருந்தது. போர்வையின் ஓரம் இழுபட்டாலே முகம் சுருங்கும். தினமும் படுக்கை நனைந்தது, தினமும் துவைக்க வேண்டியிருந்தது, துவைத்தால் கட்டில் அதிர்ந்தது. அவர் கத்தினாலாவது பரவாயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார். அதுதான் லெஸ்யாவுக்குத் தாங்கவில்லை.

ஒரு ஆளைக் கூப்பிட்டால் என்ன என்று கால்கரியிலிருந்து தம்பி மைரன் போனில் கேட்டான். கேட்பான். வந்து ஒரு நாள் தங்காதவனுக்கு யோசனை சொல்ல என்ன பஞ்சம்? ஹ்ரின்கிவ் குடும்பத்து வீட்டுக்குள் ரிப்பேர்காரன் காலடி பட்டதே இல்லை. கனடாவில், சஸ்காட்செவன் மாகாணத்தின் அந்த மூலையில் முக்கால்வாசி வீடு அப்படித்தான். நகரத்திலிருந்து ஆள் வருவதற்குள் உறைந்து செத்துவிடலாம் என்பதால் வந்த பழக்கம், ரோடு போட்ட பிறகும் போகாமல் வீம்பாகத் தங்கிவிட்டது. அடுத்தவனைக் கூப்பிட்டு அடுப்பு சரிசெய்தவனைப் பற்றி ஊர் ஒரு வருஷம் பேசும்.

நானே செய்கிறேன் என்று லெஸ்யா சொன்னதும் அப்பா முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. மகனுக்கு ஸ்பானரில் எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது, மகளுக்குத் தெரியும் என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை. சாகக் கிடக்கும்போதும் அதை விடவில்லை.

"நாலையும் மாத்து. ஒண்ணை மட்டும் மாத்தினா கோணிக்கும்."

"தெரியும்ப்பா."

"எனக்கு முன்னாடி அது போயிடும் போலிருக்கே."

கட்டிலின் பக்கத்தில் மைரனின் பழைய ஹாக்கி மட்டை சாய்ந்திருக்கும். கூப்பிடக் குரல் எழும்பாமல் போனதிலிருந்து அப்பா அதன் அடிமுனையால் பலகைத் தரையில் தட்டுவார். சமையலறையில் இருந்தாலும் நிலவறையில் இருந்தாலும் கேட்கும். மிஷினும் தட்ட ஆரம்பித்த பிறகு லெஸ்யா இரண்டு மூன்று தடவை வீணாகப் படியேறி ஓடினாள். மூச்சிரைக்க வந்து நின்றவளைப் பார்த்து அப்பா, அன்றைக்கு வலி குறைவாக இருந்ததோ என்னவோ, சிரித்தார்.

"இப்படி வச்சுக்கலாம். மூணு தட்டினா நான். கணக்கில்லாம தட்டினா அது மிஷின், ஓடி வராத."

அப்படியே நடந்தது. மூன்று கேட்டால் ஓடுவாள். மற்றதை விட்டுவிடுவாள்.

ஓடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அம்மா நகரத்து ஆஸ்பத்திரியில் செத்தபோது அப்பாவும் அவளும் கீழே சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ்தான் போகச் சொன்னாள், இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று. திரும்பி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அப்பா அதன் பிறகு சூப்பைத் தொட்டதில்லை. போன மாதம் மருந்து வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முடிவானபோது அவர் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"உங்கம்மா மாதிரி என்னைத் தனியாப் போக விட்டுடாத. கையைப் பிடிச்சுக்க. வேற ஒண்ணும் வேணாம்."

"பிடிச்சுக்கறேன்ப்பா. எங்க போகப் போறேன்?"

கம்பி மாற்றிய அன்றைக்குக் காலையில் வீட்டுக்கு வந்த நர்ஸ் மரிசெல், மூச்சைப் பார்த்துவிட்டு, இனி அதிக நாள் இல்லை, ஆனால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்றாள். வலி மருந்தை நாக்கடியில் விட்டாள். அப்பா அயர்ந்து தூங்கினார். புதுக் கம்பிகள் தபாலில் வந்து மேசைமேல் கிடந்தன. கடைசி நாட்களாவது அதிராமல் படுத்துக்கிடக்கட்டும் என்று நினைத்துத்தான் லெஸ்யா மட்டையை அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு இறங்கினாள்.

நாலு கம்பியையும் மாட்டியாயிற்று. மேல்தகட்டை இறக்கி அழுத்தினாள். ஈரத் துண்டுகளை உள்ளே போட்டு, பிழியும் பொத்தானைத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தொட்டி மெதுவாகத் திரும்பி வேகம் பிடித்தது.

தம்.

லெஸ்யா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தம். அப்புறம், சேர்ந்தாற்போல் இரண்டு.

"நாசமாப்போக" என்றாள். முதலில் உக்ரேனிய மொழியில், பிறகு ஆங்கிலத்தில். குனிந்து மிஷினின் கால்களைப் பார்த்தாள். ஒரு கால் லேசாகத் தூக்கியிருந்த மாதிரி பட்டது. திருகிச் சரிசெய்தாள். மறுபடி ஒரு தம் கேட்டது. முன்னைவிட மெலிசு. புது ஸ்பிரிங், உட்காரக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூலையில் வீட்டைச் சூடாக்கும் உலை வேறு பெருமூச்சு விட்டுச் சூடேறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்று, கேட்டதா கேட்கவில்லையா என்று சொல்ல முடியாத ஒன்று. பிறகு எதுவும் இல்லை.

தொட்டி முழு வேகத்தில் சுற்றியது. ஜாடிகள் சாதுவாக நின்றன. லெஸ்யாவுக்கு வாயெல்லாம் பல். உடனே மேலே போகவில்லை. பட்ட பாட்டுக்குக் கொஞ்சம் அனுபவித்துவிட்டுப் போகலாமென்று, சுற்று முடியும்வரை கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய துணியில் கைக் கறையைத் துடைத்துக்கொண்டுதான் படியேறினாள்.

"அப்பா, சரியாயிடுச்சு. கேட்டீங்களா, சத்தமே இல்ல."

அப்பாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. மட்டை தரையில் கிடந்தது. முகம் நிலவறைக் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

கையைப் பிடித்தாள். சூடு இருந்தது. வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் எழுந்து, உயிர் வெளியே போக வேண்டும் என்பார்களே, அதற்காக ஜன்னலைத் திறந்தாள். குளிர் குபீரென்று உள்ளே வந்தது.

தூக்கத்திலேயே போயிருப்பார், இந்த மருந்துக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று மரிசெல் சொன்னாள். அடுத்த வீட்டு பெர்னிஸும் அதையேதான் சொன்னாள். சாவு வீடுகளைப் பார்த்துப் பார்த்துத் தேறிய கிழவி. வந்ததும் கண்ணாடிக்குத் துணி போட்டாள், கடிகாரத்தை நிறுத்தினாள். சுருட்டி வைத்திருந்த படுக்கை விரிப்புகளை லெஸ்யா நிலவறைக்கு எடுத்துப் போகப் பார்த்தபோது கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வேணாம் கண்ணு. குழியில இறக்கிட்டு வர்ற வரைக்கும் இந்த வீட்டுல துணி நனைக்கக் கூடாது."

லெஸ்யாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் எதிர்த்துப் பேச அவளிடம் தெம்பு இல்லை. மூட்டையை நிலவறைப் படியில் வைத்தாள். மிஷின் மூடியபடி கிடந்தது.

மண் குளிரில் உறைந்து பாறையாக இறுகிக் கிடந்ததால் அடக்கம் தள்ளிப்போனது. மைரன் வந்தான், வாசலிலேயே உடைந்து அழுதான். அவன் அழுததைப் பார்த்து ஊரே அவனைத் தேற்றியது. லெஸ்யாவைத் தேற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவள்தான் கல்லு மாதிரி நின்றாளே. கையைப் பிடிக்காமல் விட்ட குற்றம் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. அதற்கு அவள் ஒரு மருந்து கண்டுபிடித்து வைத்திருந்தாள். கடைசிக் கொஞ்ச நேரமாவது கட்டில் அதிரவில்லை, வீடு அமைதியாக இருந்தது, தூங்கிக்கொண்டே போனார். கேட்டவர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள். அடக்கத்துக்குப் பிறகு சர்ச் கூடத்தில் நடந்த சாப்பாட்டில், முட்டைக்கோஸ் உருண்டைத் தட்டை நீட்டிய பாதிரியாரிடமும் சொன்னாள். மிஷினை நானே சரிபண்ணினேன் ஃபாதர், அவருக்குத் தொந்தரவே இல்லை என்று. அவர் தலையாட்டினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மதியம் மைரன் முன்னறையில், அப்பாவுக்காக வாடகைக்கு எடுத்திருந்த கட்டிலைப் பிரிக்க உட்கார்ந்தான். லெஸ்யா விரிப்பு மூட்டையை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். எல்லாவற்றையும் மொத்தமாக உள்ளே திணித்தாள். அலசி முடித்துத் தொட்டி பிழிய ஆரம்பித்தபோது அவளையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கனமான துணி. இடித்தால் இதற்குத்தான் இடிக்கும்.

இடிக்கவில்லை. தொட்டி வேகம் பிடித்தது, ஜாடிகள் நின்ற இடத்தில் நின்றன.

தம்.

உடனே மிஷின்மேல் கை வைத்தாள். உள்ளங்கைக்கு லேசான உறுமல் மட்டும்தான் தெரிந்தது. மறுபடி, தம். கொஞ்சம் இடைவெளி விட்டு, தம் தம். உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் மிஷினுக்குள்ளிருந்து வருகிற மாதிரியே கேட்டது. கையை எடுக்காமல் தலையை நிமிர்த்தி மேலே உத்தரத்தைப் பார்த்தாள்.

படியில் காலடி கேட்டது. மைரன் பாதிப் படியில் குனிந்து எட்டிப் பார்த்தான். கையில் ஹாக்கி மட்டை.

"காது அடைச்சுப்போச்சா உனக்கு? எவ்வளவு நேரமாத் தட்டறேன். ரெஞ்ச் எங்க வச்சிருக்க?"

லெஸ்யா அவனைப் பார்த்தாள். அப்புறம் மட்டையைப் பார்த்தாள்.

"மிஷின்னு நினைச்சேன்."

"மிஷினா? அது பூனை மாதிரியில்ல ஓடுது." அவன் இறங்கி வந்து தகட்டில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். "நல்லாத்தான் பண்ணியிருக்க. அப்பா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்."

அவள் சுவரில் மாட்டியிருந்த ரெஞ்சைக் காட்டினாள். அவன் எடுத்துக்கொண்டு, மட்டையை அலமாரியோடு சாய்த்துவிட்டு, மேலே போனான். கட்டில் கழலும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மிஷின் சுற்றி முடித்து நின்றது. லெஸ்யா மூடியைத் திறந்தாள். அப்பாவின் விரிப்புகள் தொட்டியின் ஓரமாக ஒட்டிப் பிழிந்து கிடந்தன. தொட்டுப் பார்த்தாள். இனிப் பிழிவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மூடியை மூடிவிட்டு மறுபடியும் பிழியும் பொத்தானை அழுத்தினாள். இரண்டு கையையும் தகட்டின்மேல் வைத்து, ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது இடிக்காதா என்று நின்றாள். தொட்டி திரும்பியது, வேகம் பிடித்தது. சத்தமில்லாமல் சுற்றியது.