வாடகைக்கு ஈடாக ஆனந்தம்

ஆனந்தத்தின் விலை ஐம்பது திராக்மா. தத்துவ ஆசிரியர் பாம்பிலோஸ் எந்தத் தத்துவத்தை வைத்தும் இந்த விலைக்கு வந்து சேரவில்லை. அவருடைய ஐந்து மாத வாடகை பாக்கி அவ்வளவு, அதனால் ஆனந்தமும் அவ்வளவு.

வீட்டுக்காரர் மிக்கியோன், பிரேயஸ் துறைமுகத்தில் கருவாட்டு வியாபாரி. வாடகை வராத வீட்டில் முதலில் கதவைக் கழற்றுவார்கள், பிறகு ஓட்டைப் பிரிப்பார்கள், கடைசியில் கிணற்றை மூடுவார்கள். ஊர் வழக்கம் அது. அன்று காலை அவர் கடப்பாரையோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க முதலாளி. காசுக்குப் பதிலா வேற சரக்கு தரேன். ஆனந்தமா வாழறது எப்படின்னு சொல்லித் தரேன். வெளியில நூறு திராக்மா, உங்களுக்குப் பாதி."

"கெட்டுப் போற சரக்கா?"

"இல்ல."

"எலி கடிக்குமா?"

"மனசுக்குள்ள இருக்கற சரக்கு முதலாளி."

"சரி. எனக்குச் சந்தோஷம் வந்தா வாடகை கழிஞ்சுது. வரலைன்னா வீட்டைக் கழட்டிடுவேன் வாத்தியாரே."

பாம்பிலோஸ் விவரமானவர். நாளைக்கு யாரும் சரக்கு சரியில்லை என்று திரும்பி வரக் கூடாதல்லவா? "ஒரு மனுஷன் நல்லபடியா செத்து முடிக்கற வரைக்கும் அவன் ஆனந்தமா வாழ்ந்தான்னு யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது," என்று முதலிலேயே சொல்லிவைத்தார். பிறகு உற்சாகத்தில் நாக்கு ஓடிவிட்டது. "ஆனந்தம் வெளிப்பொருள்ல இல்ல. ஞானிக்குக் கதவுகூட வேண்டாம்!"

"அடடா, உங்க ஆனந்தத்துக்கு நானே இத்தனை நாளா குறுக்க நின்னிருக்கேனே!" கதவு மிக்கியோனின் தோளில் ஏறிப் போயிற்று. வாசல் வழியே பக்கத்து வீட்டு வாத்துகள் குடும்பத்தோடு குடியேறின.

மறுநாள் பாம்பிலோஸ் வேறு தத்துவத்துக்கு மாறினார். "ரொட்டியும் நாலு ஆலிவ் காயும் தின்னுட்டு வானத்தைப் பார்த்துப் படுத்தாப் போதும்..."

மிக்கியோன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மாலைக்குள் ஓடுகள் இறங்கிவிட்டன.

மூன்றாம் பாடத்தில் வீட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று பாம்பிலோஸ் சபதம் எடுத்தார். "எல்லாம் அளவோட இருக்கணும். அதிகமும் கூடாது, குறைவும் கூடாது." மிக்கியோன் கிணற்றைப் பாதி மட்டும் மூடினார்.

அப்புறம் மழை வந்தது, பாம்பிலோஸின் கட்டில்மேல் நேராக. பாடம் கேட்க வந்த மிக்கியோன், கதவிருந்த இடத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அடேய் கருவாடு! வைடா என் கதவை! வைடா ஓட்டை!" ஞானி செருப்பை வீசினார். அது வாத்தின் மேல் பட்டது. வாத்து ஞானியின் கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டது. அவர் ஒற்றைக் காலில் குதிக்க, அது விடாமல் தொங்கியது.

மிக்கியோன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வாசல் நிலையில் சாய்ந்து சிரித்தார். சத்தம் கேட்டு மனைவி ஹெதிலே கடையிலிருந்து ஓடி வந்தாள். "என்னாச்சு இவருக்கு? கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிச் சிரிச்சதில்லையே!"

பாம்பிலோஸ் விடுவாரா? "கேட்டீங்களா முதலாளி? சந்தோஷம் வந்தாச்சு. வாடகை கழிஞ்சுது. அம்மா, நீங்கதான் சாட்சி!"

மிக்கியோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவசரப்படாதீங்க. நான் நல்லபடியா சாகற வரைக்கும் தீர்ப்பு கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதனால வாடகை கழியல."

ஹெதிலே இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். "ஏங்க, தீர்ப்பே இன்னும் வரலைன்னா சரக்கு மட்டம்னும் சொல்ல முடியாதே? அப்புறம் எந்த நியாயத்துல கதவைக் கழட்டினீங்க? போய் எடுத்துட்டு வாங்க. ஓட்டையும்தான். நீங்க செத்தப்புறம் நான் கணக்குப் பார்த்துக்கறேன்."

முழு ஆனந்தம் வேறு, ஒரு சிரிப்பு வேறு; சிரிப்பைத் தனியாக வரவு வைக்க வேண்டும் என்று பாம்பிலோஸ் வாதாடினார். அரை நாள் பேரம் நடந்தது. அன்று முதல் அவர் தினமும் சாமிக்கு ஒரு பிடி வாற்கோதுமை போட்டு, மிக்கியோனுக்கு நூறு வயசு கேட்டு வேண்டிக்கொள்கிறார். உடைந்த மீன்சாடித் துண்டில் ஹெதிலே கரியால் கிறுக்கிய கணக்கு இன்னும் அந்தக் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது:

பழைய வாடகை, ஐம்பது திராக்மா. கழிவு, சிரிப்பு ஒன்றுக்கு, இரண்டு. மீதி நாற்பத்தெட்டு, மிக்கியோன் ஆனந்தமாகச் செத்தால் தள்ளுபடி, முனகிக்கொண்டே செத்தால் மறுநாள் காலை வசூல். வாத்துக்கடி, வாத்தியார் செலவு.