கடைசி டிவிடியில் இருந்த தவசி

சாயல்குடி கடைத்தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் பாண்டீஸ்வரன், முன்னாளில் படப்பிடிப்புகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்து வந்தவன். திருவிழாக் கூட்டமோ, சாவு வீட்டுக் கூட்டமோ, எது கேட்டாலும் சுற்றுவட்டார மிளகாய்க் காடுகளிலிருந்து ஆட்களை வேனில் ஏற்றிப்போய் இறக்கிவிடுவான். அப்படி மாரியூர்க் கடற்கரையில் எடுத்த தொலைக்காட்சித் தொடர் ஒன்று பின்னர் டிவிடிப் பெட்டியாக வந்தபோது, அவனுக்கும் ஒன்று கிடைத்தது. கதை முழுவதும் முந்தைய டிவிடிகளில் முடிந்துவிட்டது. கடைசி டிவிடியில் கதை இல்லை. படம் பிடித்த விதம், நடிகர்களின் பேட்டி, வெட்டி எறிந்த காட்சிகள் என உபரிகளே இருந்தன. ஆகவே அவன் அதை உறையிலிருந்து எடுத்ததே இல்லை.

கடையை ஒழுங்குபடுத்திய ஒரு நாளில் அதைப் போட்டுப் பார்த்தவன், உடனே நாகஜோதியைப் போனில் அழைத்தான். அவளைப் பெற்ற அய்யா தவசி அதில் இருக்கிறார் என்றும், வாய் திறந்து பேசுகிறார் என்றும் சொன்னான்.

தவசி பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் இறந்தவர். மூச்சுத் திணறலோடு ஆம்புலன்சில் ஏறியவர் வீடு திரும்பவில்லை. அந்நாளைய விதிப்படி, உடலைச் சுற்றிக் கட்டி, முகம் காட்டாமலே எரித்துவிட்டார்கள். நாகஜோதி மட்டும் தொலைவில் நின்று புகையைப் பார்த்தாள். மனைவி பஞ்சம்மாளுக்கு அதுவும் இல்லை. அவளும் காய்ச்சலில் கிடந்தாள். அவரைக் குளிப்பாட்டவில்லை, மாலை போடவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. அவள் அழவும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோதும், வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தபடியே இருந்தாள்.

நம் கடற்கரையில் ஆமையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மணலில் முட்டையிட்டுக் கடலுக்குப் போன தாயாமை மறுபடி மறுபடி கரைக்கு வந்ததாம். ஏன் வருகிறாய் என்று நண்டு கேட்டதற்கு, “வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். அவை போனதைப் பார்க்கவில்லையே” என்றதாம். போனதைப் பார்க்காதவர்களுக்குப் போனது போனதாவதில்லை.

போனில் வந்த செய்தியைக் கேட்ட பஞ்சம்மாள் கேட்டது ஒன்றுதான்: பாடையில் படுத்திருந்த காட்சியா, அதில் முகம் தெரியுமா? தெரியும் என்றான் பாண்டீஸ்வரன். நாகஜோதிக்கு வியப்பாக இருந்தது. ஏனென்றால் அந்தக் காட்சியால்தான் முன்பு வீட்டில் பெரிய சண்டை மூண்டது. பிணமாகப் படுக்க நடிகர் எவரும் சம்மதிக்காததால், ஆள் கூட்டத்தோடு போயிருந்த தவசி தானே முன்வந்தார். மிளகாய் பொறுக்கி முதுகு ஒடிவதற்குப் பாடையில் படுப்பது எவ்வளவோ மேல் என்று சிரித்தாராம். வீட்டிலோ பஞ்சாயத்துத் தலைவராக நடித்ததாகச் சொல்லிவிட்டார். தொடர் ஒளிபரப்பான அன்று, பூமாலைகள் முகத்தை மறைத்திருந்தும், கட்டிய கால் பெருவிரல்களைக் கண்டே பஞ்சம்மாள் ஆளை அறிந்துகொண்டாள். எழுந்து போனவள், மிளகாய்ப் பறிப்பு முடியும்வரை அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலைப் பேருந்தில் தாயும் மகளும் சாயல்குடிக்குப் புறப்பட்டார்கள். வழியில்தான் நாகஜோதி அம்மாவின் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே பச்சரிசி இருந்தது. அய்யாவின் குரலைக் கேட்க அல்லவா கூட்டிப் போகிறோம், இது என்ன கோலம் என்று அடக்கிய குரலில் சண்டையிட்டாள்.

“அது நடிப்பும்மா.”

“நெசத்தத்தான் எனக்கு யாருமே காட்டலையே ஜோதி. நடிப்பயாவது பாத்துப் போட்டுட்டு வாரேன்.”

மகள் முடிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

பாண்டீஸ்வரன் கடையின் கதவைப் பாதி சாத்தி, “வாங்கத்த” என்று நாற்காலி போட்டான். டிவிடி சுழன்றது. வெட்டிய காட்சிகளில் ஒன்றாக அது வந்தது. கடற்கரை மணலில் பாடை; அதில் தவசி. மாலைகள் இன்னும் போடப்படவில்லை. நரையேறாத மீசையும், மூடிய இமைகளும், நெற்றியில் ஒட்டிய காசும் தெளிவாகத் தெரிந்தன. பஞ்சம்மாள் எழுந்து நின்றாள். முடிச்சை அவிழ்த்து அரிசியைக் கையில் எடுத்தாள்.

அப்போது திரைக்குள்ளிருந்து இயக்குநர், பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட வேண்டும் என்று உத்தரவிடும் குரல் கேட்டது. பெண்கள் அசையவில்லை. முன்னால் நின்றவள் தவசியின் தங்கை ராக்கு.

“அழச் சொன்னீக, அழுதோம். உசுரோட இருக்க மனுசனுக்கு அரிசி போட மாட்டோம்.”

இயக்குநர் கெஞ்சினார், அதட்டினார். ராக்கு கைகளைக் கட்டிக்கொண்டாள். பாடையில் கிடந்த தவசி, கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“விடுங்க சார். அதுக்கு உரியவ ஊர்ல மொளகாக் காட்டுல நிக்கா. நாளு வரும்போது அவ போடுவா. மத்தவ போட்டா எம்மேல கோவப்படுவா.”

கூட்டம் சிரித்தது. தவசியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி எழுந்து உட்கார்ந்து, காசை நெற்றியிலிருந்து பிய்த்தெடுத்துவிட்டு, டீ வந்துவிட்டதா என்று கேட்டார். காட்சி அங்கே முடிந்தது.

பஞ்சம்மாளின் கை அரிசியோடு அந்தரத்தில் நின்றது. பேருந்தில் சண்டையிட்ட மகளே இப்போது ரிமோட்டை வாங்கினாள். காட்சியைப் பின்னோக்கி ஓட்டினாள். இமை மூடி, முகம் அசைவற்றுக் கிடந்த ஓர் இடத்தைத் தேடி நிறுத்தினாள்.

“இங்கன நிப்பாட்டிருக்கேன். போடும்மா.”

பஞ்சம்மாள் திரையருகே போனாள். விரல்களைக் குவித்து அவர் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள். கண்ணாடியைத் தொடும் முன் கை நின்றது. நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகுதான் மகளும் அதைக் கண்டாள். உதடுகள் இலேசாகப் பிரிந்திருந்தன.

“பேச வாராரு ஜோதி,” என்றாள். “பேச வந்த வாய்ல நா எப்பிடிப் போடுவேன்?”

நாகஜோதி வேறோர் இடத்தில் நிறுத்துவதாகச் சொன்னாள். பஞ்சம்மாள் தலையை அசைத்து மறுத்தாள்.

“விடு. பேசட்டும்.”

நாகஜோதி பொத்தானை அழுத்தினாள். நாளு வரும்போது அவ போடுவா என்ற குரல் மறுபடி எழுந்தது. பஞ்சம்மாளின் விரல்கள் பிரிந்து, அரிசி கடைத் தரையில் சிதறியது. திரையிலே எல்லோரும் சிரிக்கத் தொடங்கியபோது, அத்தனை காலம் வராத அழுகை அவளுக்கு வந்தது. அவர் பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஆகவே சொல் எதுவும் இல்லாமல், திரையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.