டாக்டருக்குப் பிடித்த நோன்பு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு புருஷன் பெண்சாதியின் கதை சொல்கிறேன். சிரிப்பும் உண்டு, ஆனால் சிரித்து முடிக்கிற கதை இல்லை.

லாரி ஓட்டி ஓய்ந்த ஷேக் அலாவுதீனுக்கு மனைவி காமாரியாவின் ரகசியம் ஒன்று தெரியும். கொழுப்புச் சோதனைக்குக் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் நாள் நெருங்கினால் போதும், அவள் நோன்பு பிடித்துவிடுவாள். மாலையில் ஒரு பேரீச்சம்பழம், அரைக் கோப்பைக் கஞ்சி, அவ்வளவுதான்.

"இது அல்லாஹ்வுக்கு வச்ச நோன்பா, டாக்டருக்கு வச்சதா புள்ளே?"

"ரெண்டு பேருக்கும்தான். உங்களை மாதிரி ஒல்லிக்குச்சிக்கு என்ன தெரியும்!"

இரத்தம் எடுத்த இடத்தில் வைத்த பஞ்சு கையில் ஒட்டியிருக்கும்போதே நேராக நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போவாள். சோற்றில் குழம்பு வெள்ளமாய் நிற்க வேண்டும்.

காமாரியா பெருத்த உடம்புக்காரி. கல்யாண வீட்டில் "இவளுக்கு ரெண்டு நாற்காலி போடுலா" என்று சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். அந்த உடம்பைப் பற்றி அவள் கேட்ட ஒரே நல்ல வார்த்தை டாக்டர் மிதுஷாவின் வாயிலிருந்து வருவதுதான்: "ட்ரைகிளிசரைட் கொழுப்பு நல்லா இறங்கியிருக்கு. பாகுஸ், அக்கா!" அன்றைக்கெல்லாம் அவள் முகம் புதுப்பெண் முகம். அந்த முகத்துக்காகவே அலாவுதீன் வாய் திறக்காமல் இருந்தார்.

பிறகு லிஃப்ட் கெட்டது. இரண்டாம் மாடிப் படியில் காமாரியா வியர்த்து நின்றுவிட்டாள். தாடையைப் பிடித்துக்கொண்டு, "காத்துதான். தைலம் தேய்ச்சா போயிடும்" என்றாள். மறுநாளும் அங்கேயே நின்றாள்.

அந்த வாரம் டாக்டர் இரத்தச் சோதனை முடிவைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். "கொழுப்பு இறங்குது. நல்ல கொழுப்பு மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது? பரவால்ல, கொழுப்பு மாத்திரையைப் பாதியாக்கிடலாம்."

"வேணாம் டாக்டர்!" அலாவுதீன் எழுந்துவிட்டார். "இது பட்டினி கெடந்த ரத்தம்." நோன்பையும், குழம்புச் சோற்றையும், படியில் நின்றதையும் கொட்டிவிட்டார்.

டாக்டர் கோபிக்கவில்லை. நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார். "அக்கா, இதயத்துக்குப் போற குழாய் அடைச்சிருக்கும்போல. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

காமாரியா தலையில் போட்டிருந்த துடுங்குத் துணியைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள். காரருகே வந்துதான் பேசினாள்.

"ஊரே என்னைக் குண்டின்னுச்சு, தாங்கிக்கிட்டேன். நீங்க அந்த டாக்டர் புள்ளை முன்னால என்னைப் பொய்க்காரியாக்கிட்டீங்க."

"உசுரு போயிடும் புள்ளே."

"போகட்டும். கெரேத்தாவை வீட்டுக்கு விடுங்க."

அன்றும் போகவில்லை, அப்புறமும் போகவில்லை. டாக்டரே போன் செய்தார், காமாரியா எடுக்கவில்லை. அலாவுதீன் கையைப் பிடித்து அழுதார். சோறு போடுகிறாள், நாடகம் பார்த்துச் சிரிக்கிறாள். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நோன்பையும் விட்டுவிட்டாள். மெச்சுவதற்கு யார் இருக்கிறார்கள்?

பகலில் அவள் கண்ணயரும்போதெல்லாம் அலாவுதீன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார். வேறொன்றும் அவர் கையில் இல்லை.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் யாரும் ஒரு நல்ல வார்த்தைக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். நெஞ்சு வலித்தால் வெட்கமில்லாமல் சொல்லட்டும், சொன்னால் கேட்க ஆளிருக்கட்டும். உங்கள் அடுப்பும் வாசலும் பிள்ளைகளும் சலாமத்தாக இருக்கட்டும்.