அனுப்பிய பீஸும் அடுக்கிய பீஸும்

"நான் சொல்றதைக் கொஞ்சம்—"

"நீங்க சொல்றதைத்தான் அங்கிள் இத்தனை மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன்! இப்போ நான்—"

"—கேளு ஏஞ்சல், அந்த பீஸ் நானே கையால பார்த்துப் பார்த்து—"

"அதான் தப்பு! யாரு உங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்யச் சொன்னது?"

"சத்தம் போடாதேம்மா. பொம்பளைங்க வேலை செய்யுறாங்க."

பொம்பளைங்க வேலை செய்யவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்துத் தலையைக் குனிந்துகொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்கள்.

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய தகரக் கூரை ஷெட் அது. குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் ஆவி பிடிக்க வைக்கும் சின்ன ஸ்டீமர் மெஷின்களைச் சுவிசேஷமுத்து அங்கே செய்கிறார். வளைகுடா நாடு ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. அந்த நாட்டுக்குள் சரக்கு நுழைய வேண்டுமானால் அந்த நாட்டுச் சர்டிஃபிகேட் வேண்டும். அதை வாங்கித் தருவது ஏஞ்சலின் வேலை. கிண்டியில் ஒரு கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். எந்த நாட்டுக்கு எந்த லேபில் சாம்பிள் கொடுக்க வேண்டும், எந்த அதிகாரி எதற்கு மடக்குவார், யாரை எப்படி நச்சரித்தால் பதில் வரும், எல்லாம் அவளுக்குத் தெரியும். காலையில் ஒரு நாட்டு நேரத்துக்கு எழுந்து, இன்னொரு நாட்டு நேரத்துக்குப் படுக்கிறவள். நின்ற இடத்தில் நின்று பேச வராது. இப்போதும் அடுக்கி வைத்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே போவதும் வருவதுமாகத்தான் கத்திக்கொண்டிருந்தாள்.

சுவிசேஷமுத்துவும் அவளும் சேலையூரில் ஒரே சர்ச் சபை. அவரைத் தன் கம்பெனிக்கு வாடிக்கையாளராக அழைத்துக்கொண்டு வந்ததே அவள்தான். சாம்பிள் லேபில் பாஸாகிவிட்டது. பாக்கி இருந்தது ஃபேக்டரி செக்கிங் ஒன்றுதான். அதற்கு இன்றைக்கு ஆள் வருகிறார். அடுக்கியிருக்கும் பெட்டிகளில் தனக்குத் தோன்றியதை எடுத்துப் பிரித்துப் பார்ப்பார். லேபுக்குப் போன சாம்பிள் மாதிரியே இருந்தால் சரி.

அவர் வருவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் ஏஞ்சல் சீக்கிரமே வந்தாள். சாம்பிளைப் பிரித்து லேப் எடுத்த போட்டோவை மொபைலில் திறந்து, மெஷின் பூட்டுகிற தனத்தின் மேஜையில் மூடி போடாமல் கிடந்த மெஷினோடு வைத்துப் பார்த்தாள். தண்ணீர் தீர்ந்து சூடு ஏறினால் மெஷினைத் தானாக அணைக்கிற கட்-ஆஃப் ஒன்று உள்ளே இருக்கும். போட்டோவில் அது வெள்ளை. மேஜையில் பழுப்பு.

"தனம் அக்கா, இது ஏன் வேற மாதிரி இருக்கு— இது வேறயா?"

"இதான் மேடம் எப்பவும் போடறது. அந்த வெள்ளை சாம்பிளுக்கு மட்டும். மொதலாளி ரிச்சி ஸ்ட்ரீட்டு போய்த் தேடிப் புட்சி வாங்கினு வந்தாரு." தனம் பெருமையாகத்தான் சொன்னாள்.

அங்கே ஆரம்பித்த சண்டைதான் இது.

"பொண்ணு பார்க்க வர்றாங்கன்னா வீட்ல போட்டிருக்கிற நைட்டியோடவா கொண்டாந்து நிறுத்துவாங்க?" என்றார் சுவிசேஷமுத்து. "ஒரு பட்டுப்புடவை கட்டி, பூ வெச்சு—"

"புடவையை மாத்தியிருந்தா நான் ஏன் கத்தப் போறேன்? நீங்க பொண்ணையே மாத்திட்டீங்க!"

மேஜைப் பக்கம் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"சாம்பிளும் நீங்க செய்யறதும் ஒண்ணுதான்னு லேபுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன் அங்கிள். நான். என் கையெழுத்து."

"நீ நல்ல எண்ணத்துலதானே போட்டே."

"கையெழுத்துல எண்ணமெல்லாம் தெரியாது. இது பொய்னு வெளிய வந்தா எந்த லேபும் இனிமே என் மெயிலைத் திறக்காது. என் கிட்ட மெஷின் இருக்கா, ஷெட் இருக்கா? நான் சொன்னா சரியா இருக்கும்னு நம்புறாங்க, அதான் என் பிழைப்பு."

"சரி, விடு. என்ன செய்யலாம், அதைச் சொல்லு."

"எல்லாத்துலயும் வெள்ளையையே போடுங்க."

"கடையில இருந்ததே ஒரு கைப்பிடி. புதுசா வரவழைக்கணும்னா ரெண்டு மாசம் ஆகும்."

"அப்போ பழுப்பை லேபுக்கு அனுப்புவோம். பார்ட் மாறிடுச்சுன்னு நானே எழுதறேன். திரும்ப டெஸ்ட் பண்ணட்டும்."

"அதுவும் ரெண்டு மாசம்! கப்பல் எனக்காக நிக்குமா? ஆர்டரை வேற எவனுக்காவது தூக்கிக் கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பான். இவங்களை எல்லாம் நாளைக்கு எங்க போகச் சொல்றது?"

மொபைல் அதிர்ந்தது. மேலதிகாரி உதயா.

"ஏஞ்சல், இன்னைக்கு க்ளோஸ் ஆயிடும்ல? நான் மேல சொல்லிட்டேன்."

"இன்னும் ஆள் வரல உதயா. நானே கூப்பிடறேன்."

வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். சுவிசேஷமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மூலை வரிசை இருக்கு பாரு. மேல இருக்கிற பெட்டி எல்லாம் வெள்ளை போட்டது. வர்றவரை அங்கே ஃபேனுக்குக் கீழ உட்கார வெச்சுட்டா, கைக்கு எட்டுறதைத்தான் எடுப்பாரு."

ஏஞ்சல் நடையை நிறுத்தினாள்.

"எப்போ வெச்சீங்க?"

"நேத்து."

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்னு இல்ல. ஒரு பயம், அவ்வளவுதான். பழுப்பும் சூடு ஏறினா நல்லாத்தான் கரண்டை வெட்டும் ஏஞ்சல். உள்ளூர்ல எத்தனை வித்திருக்கேன்? ஒருத்தரும் திருப்பிக்கிட்டு வரல."

"வெட்டுமா?"

"வெட்டும்."

பக்கத்துப் பெட்டி ஒன்றைப் பிரித்தாள். மெஷினை எடுத்து, தண்ணீர் ஊற்றாமல், மேஜையில் வைத்து சுவிட்சைப் போட்டாள். தனம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். மொபைல் மறுபடி அதிர்ந்தது, ஏஞ்சல் எடுக்கவில்லை. பிளாஸ்டிக் லேசாகச் சூடேறும் வாசனை வந்தது. சுவிசேஷமுத்துவின் உதடுகள் அசைந்தன, ஜெபமோ என்னவோ.

டக்.

மெஷினின் சின்ன விளக்கு அணைந்தது.

"பார்த்தியா! ஸ்தோத்திரம்! பழுப்புன்னா மட்டம்னு யார் சொன்னது? நல்லாப் பார்த்துக்க!"

ஏஞ்சலுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நம்பிவிட அவளுக்கு ஆசையாகவும் இருந்தது. பிறகு கை தானாக அடுத்த பெட்டியைப் பிரித்தது.

சுவிசேஷமுத்து பிளக் பாயின்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"போதும்."

"ஏன் அங்கிள்?"

"ஒண்ணு பார்த்தாச்சுல்ல."

"லேபும் ஒண்ணைத்தானே பார்த்தது."

"ஏஞ்சல், சொன்னா கேளு."

"வெட்டும்னு நீங்கதானே சொன்னீங்க? கையை எடுங்க."

எடுக்கவில்லை. அவர் முகத்தை அவள் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். மேஜைகளில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன.

"ஒண்ணு ரெண்டு... எப்பவாவது வெட்டாம..." என்று இழுத்தார்.

வெளியே பைக் நின்ற சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஒருவர் உள்ளே வந்தார். செக்கிங்குக்கு வர வேண்டிய அரிகிருஷ்ணன்.

"ஸாரி மேடம், லேட்டாயிடுச்சு. பெருங்களத்தூர்ல ஒரே பேஜார். லாரி ஒண்ணு குறுக்கே நின்னுக்கிச்சு, இந்தப் பக்கமும் போக முடியல, அந்தப் பக்கமும் போக முடியல."

"வாங்க சார், வாங்க!" சுவிசேஷமுத்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஓடினார். "வெயில்ல வந்திருக்கீங்க. தனம், சாருக்கு இளநி! இப்படி மூலைக்கு வாங்க சார், ஃபேன் காத்து நல்லா வரும். பெட்டியெல்லாம் இங்கேயே இருக்கு."

"உட்கார நேரமில்ல சார். நாலு பெட்டியைப் பிரிச்சுப் பார்த்துட்டு நான் மறைமலை நகர் போகணும்." சொல்லிக்கொண்டே அரிகிருஷ்ணன் ஃபேனுக்குக் கீழே போய் நின்றார். மேல் வரிசைப் பெட்டிமேல் கையை வைத்தார். "இதுல எடுக்கலாமா?"

"தாராளமா சார்!"

ஏஞ்சல் இரண்டாவது மெஷினின் வயரைப் பிளக்கில் சொருகினாள். தண்ணீர் இல்லாத கிண்ணத்தை எல்லோருக்கும் தெரியும்படி சாய்த்துக் காட்டி, நேராக வைத்தாள். விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அரிகிருஷ்ணன் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கிள், போடட்டுமா?"