பட்டியல் மேடமும் பதினாறு ஜிபியும்

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவளுக்குப் பட்டியல் மேடம் என்று பெயர். டீ குடிக்கப் போவதானாலும் ஒரு பட்டியல் போட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுவாள். இந்த முறை போட்டது பெரிய பட்டியல். பதினோரு பழைய சர்வர்களை மூட்டை கட்டிவிட்டு, அவற்றின் வேலையை ஒரே புது மெஷினுக்குள் பதினோரு மெய்நிகர் சர்வர்களாகக் குடிவைக்க வேண்டும். அத்தனையையும் மேய்க்க ஒரு மேலாண்மை மென்பொருள். அது இன்றைக்கு ஏறிவிட்டால் நாளை முதல் லீவு. தங்கைக்குக் குழந்தை பிறந்து நாலு நாளாகிவிட்டது. பெரியம்மாக்காரி இன்னும் போனில்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

நிறுவ வந்த இன்ஜினியர் பட்டியலை வரிவரியாகப் பார்த்தார். டிஸ்க், நெட்வொர்க் முகவரி, கடிகாரம், எல்லாம் கச்சிதம்.

"நூத்தி இருபது ஜிபி மெமரியையும் பதினோரு சர்வருக்கும் அழகா பிரிச்சிருக்கீங்க மேடம். மேலாண்மை சர்வரும் இதே மெஷின்லதானே ஓடணும்? அதுக்குப் பதினாறு ஜிபி எங்கே?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து போட்ட பட்டியல்! ஊருக்கெல்லாம் இலை போட்டவள், பரிமாறுகிறவளை மறந்திருக்கிறாள். புது மெமரி வர இரண்டு வாரம் ஆகும் என்றார் இன்ஜினியர். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற பதிவைத் திறந்தாள். எக்ஸ்ரே பிரிவு கேட்டு வாங்கியது நாற்பத்தெட்டு. மூன்று மாதத்தில் ஒருநாளும் இருபத்தொன்றைத் தாண்டவில்லை. பேப்பரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

எக்ஸ்ரேக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். "வெறும் இருபத்தொண்ணா? இந்த ஆஸ்பத்திரியிலேயே பெரிய வேலை என்னோடதும்மா!"

"பெரிய வேலைதான் அண்ணே. முப்பத்திரண்டு இருந்தாலே தாராளம். பதினாறு மட்டும் விட்டுக்குடுங்க. நான் போய் குழந்தையைத் தூக்கணும்."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எடுத்துக்கோ. ஆனா இந்த இருபத்தொண்ணு கணக்கு ஸ்கேன்காரன் காதுக்குப் போகக் கூடாது."

சாயங்காலம் நாலரைக்குத் திரையில் பதினோரு பெயர்களும் பச்சையாக வந்து நின்றன. மேலே, பன்னிரண்டாவதாக, மேலாண்மை சர்வர். இன்ஜினியர் கை குலுக்கினார். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் தங்கை வீட்டில் குழந்தையைக் கையில் வாங்கியவள் கீழே விடவே இல்லை. சுவரில் அவள் போன வாரமே அனுப்பிய பட்டியல் ஒட்டியிருந்தது. குழந்தைக்குத் தொட்டில், தங்கைக்குக் கட்டில், மாப்பிள்ளைக்குக் கூடத்தில் பாய், அம்மாவுக்கு சோபா.

"எல்லாம் சரிதான்," என்றாள் தங்கை. "நீ எங்கேக்கா படுப்பே?"

அவள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சிரிப்பு பீறிட்டது, குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தங்கை கட்டிலில் சுவரோரம் நகர்ந்து படுத்தாள். "வா, இதுல பாதி எனக்குத் தேவையே இல்லை."