மலையில் இரண்டு சுடர்

"காலைப் புடிம்மா! அழுவாத, கெட்டியாப் புடி!" நர்ஸ் ஜோதியம்மாள் அதட்டினாள்.

காசியம்மாள் மகளின் கால்களைக் கட்டிலோடு சேர்த்து அழுத்தினாள். இது மூன்றாவது வலிப்பு. கஸ்தூரிக்கு எங்கிருந்துதான் அப்படியொரு பலம் வந்ததோ, பெற்றவளையே உதறித் தள்ளினாள். வீங்கிய காலில் விரல் பதிந்த இடமெல்லாம் குழி குழியாக நின்றது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான கீழ்பென்னாத்தூர் வந்திருந்த பெண். எட்டு மாசம். காலையில் அடுப்படியில் விழுந்து வெட்டி இழுத்தவளை, மூட்டை ஏற்ற வந்த வேனில் போட்டுத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்தார்கள். தீபம் முடிந்து மூன்றாம் நாள். டவுனில் கூட்டம் இன்னும் வடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே வண்டி வேறொரு கேஸோடு வேலூர் போயிருந்தது. வலிப்புக்கான ஊசி இரண்டுதான் இருந்தது, இரண்டையும் போட்டாயிற்று.

டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏம்மா, தலைவலின்னாளா? கண்ணு மங்குது, ஒண்ணு ரெண்டாத் தெரியுதுன்னு ஏதாவது சொன்னாளா?"

காசியம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

சொன்னாளே. தீபத்தன்று சாயங்காலம் வாசலில் நின்று மலையைப் பார்த்துவிட்டு, "யம்மா, ரெண்டு தீபம் தெரியுதும்மா" என்றாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். "நெசமாத்தான். ரெண்டு."

காசியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ரெட்டைப் பிள்ளை என்று அண்ணாமலையாரே காட்டிவிட்டார்! திருஷ்டி சுற்றிப் போட்டாள், தெரு முழுக்கச் சொன்னாள், செங்கத்திலிருக்கும் மாப்பிள்ளைக்கும் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினாள். மறுநாள் தலை வலிக்கிறதென்று பெண் சுருண்டு படுத்தபோது, ரெண்டு சுமக்கிறவளுக்கு வலிக்காமலா இருக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டாள். பாவி, தைலம் தேய்த்தாள்!

சொன்னால், அன்றைக்கே ஏன் கூட்டி வரவில்லை என்று திட்டுவார்கள். திட்டிவிட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டால்?

"இல்லீங்கம்மா. நல்லாத்தான் இருந்தா" என்றாள்.

வேலூருக்கு டாக்ஸி பிடிக்க ஆள் போயிருந்தது. அது வருவதற்குள் கஸ்தூரியின் மூச்சு நின்றுவிட்டது. வயிற்றில் குழந்தையின் துடிப்பு அதற்கும் முன்பே நின்றிருந்தது.

மாப்பிள்ளை இருசப்பன் மத்தியானம் வந்து சேர்ந்தான். கட்டிலருகே வந்து மனைவியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"ரெண்டும் போச்சா அத்த?"

"ஒண்ணுதாங்க மாப்ள இருந்துச்சாம்."

"ரெட்டப் புள்ளன்னு சொல்லி அனுப்புனீங்களே?"

அதற்கு மேல் காசியம்மாளால் அடக்க முடியவில்லை. "அவளுக்கு மலையில ரெண்டு தீபம் தெரிஞ்சுது மாப்ள. அது நோவுன்னு எனக்குத் தெரியல. டாக்டரம்மா கேட்டப்பவும் இல்லன்னு பொய் சொன்னேன். நான்தான் அவளக் கொன்னுட்டேன்."

அடிக்கட்டும் என்று நின்றாள். அவனோ கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு தீபமா? யாருக்குக் கெடைக்கும் அத்த அந்தப் பாக்கியம்? சாமி கூப்புடத்தான் காமிச்சிருக்குது. நீங்க என்னா பண்ணுவீங்க?"

வெளியே போய் எல்லாரிடமும் சொன்னான். வேனில் கூட வந்த பெண்கள் உள்ளே வந்து, கஸ்தூரியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். யாராவது ஒருத்தி தன்னை வாய்விட்டுத் திட்டமாட்டாளா என்று காசியம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

ஜோதியம்மாள் மட்டும் கும்பிடவில்லை. காசியம்மாளை ஒருமுறை பார்த்தாள். அடுத்த கட்டிலில் படுத்திருந்த பிள்ளைத்தாய்ச்சியிடம் போய், அவள் முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டினாள்.

"எத்தன வெரலு தெரியுது, சொல்லு?"